தார் முடியும் இடம்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவுக்கு முன்னதாக வருகிறது பாப்பாமோட்டை. பெருவீதி தார். அதிலிருந்து வீடுகளுக்கும் கடற்கரைக்கும் பிரியும் ஒழுங்கைகள், இந்தக் கரையோரத்துக் கிராமங்களில் எங்கும் போல, கோடையில் மணல், மாரியில் சேறு, இடையிடையே உப்புப் பூத்த தரவை. நடந்து திரிபவர் இதை நினைப்பதே இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ தார் எங்கே முடிகிறதோ அங்கே ஊரும் முடிந்துவிடுகிறது.

மின் சக்கர நாற்காலியைப் பற்றிய பாடங்கள் வழக்கமாக மோட்டரில் தொடங்கும். நான் நிலத்தில் தொடங்குகிறேன். மோட்டருக்கு எவ்வளவு வலு வேண்டும், பற்றரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் என்ன எண்கள் எழுதப்பட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சக்கரத்துக்குக் கீழே கிடப்பதுதான். சந்தையில் கிடைக்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை மருத்துவமனைத் தரைக்கும் சீமெந்து நடைபாதைக்கும் கணக்குப் போட்டுச் செய்தவை. அப்படி ஒன்றை மணலில் இறக்கினால் சில மாதங்களில் அது வீட்டு மூலைக்குப் போய்விடும். பிறகு, "அவருக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல் எனக்குக் கோபம் தருகிறது, ஏனென்றால் கணக்கு சொல்வது வேறு.

ஆள் 70 கிலோ, நாற்காலியும் பற்றரியும் சேர்த்து 90 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 160 கிலோ. நிலத்தை அழுத்தும் விசை ஏறத்தாழ 1,570 நியூட்டன். சக்கரம் உருள்வதற்கு நிலம் காட்டும் எதிர்ப்பு இந்த விசையில் ஒரு பங்கு. நல்ல தாரில் நூற்றுக்கு 2 என்று வைத்தால் 31 நியூட்டன். இளகிய மணலில் நூற்றுக்கு 20 வரை போகும், சில இடங்களில் அதற்கும் மேல். நூற்றுக்கு 20 என்றால் 314 நியூட்டன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: மருத்துவமனை வாசல்களில் கட்டும் 12-க்கு 1 சரிவுப் பாதையில் ஏறக் கூடுதலாகத் தேவைப்படுவது 130 நியூட்டன்தான். ஆகவே கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் மணல் ஒழுங்கை, நாற்காலிக்கு அந்தச் சரிவைவிட இரண்டு மடங்கு செங்குத்தான ஏற்றம்.

மோட்டரைப் பற்றி ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் இந்த அத்தியாயம் முழுவதும் விளங்கும். மோட்டரின் வேகம் வோல்ட்டளவைப் பின்பற்றுகிறது. அதன் முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பின்பற்றுகிறது. மணல் கேட்பது வேகத்தையல்ல, முறுக்குவிசையை. அதாவது மின்னோட்டத்தை. செப்புக் கம்பிச் சுற்றில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மின்னோட்டம் 5 மடங்கானால் வெப்பம் 25 மடங்கு. மணலில் நாற்காலிகள் சாவது இப்படித்தான்: வேகம் குறைவாக, சத்தமில்லாமல், உள்ளே வெந்து.

இன்றைய மின் சக்கர நாற்காலி போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் முள்ளந்தண்டு அடிபட்டுத் திரும்பிய கனடியப் படையினருக்கு, பென்சிலினும் புதிய மருத்துவமும் உயிரைக் கொடுத்தன. அசைவைக் கொடுக்க முடியவில்லை. 1942-இல் தியெப் தாக்குதலில் காயப்பட்ட ஜோன் கவுன்செல் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பொறியியலாளர் ஜோர்ஜ் கிளைன் அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்தார். இருந்த நாற்காலியில் ஒரு மோட்டரைக் கட்டிவிடுவது அவருக்குப் போதுமானதாகப் படவில்லை. கையில் வலுவே இல்லாத ஒருவரும் ஓட்ட வேண்டும் என்பதிலிருந்து அவர் யோசித்தார். இடச் சக்கரத்துக்கு ஒரு மோட்டர், வலச் சக்கரத்துக்கு ஒரு மோட்டர், இரண்டையும் ஆள ஒரு சிறிய கைத்தண்டு. 1955-இல் மாதிரி நாற்காலி ஒன்று அமெரிக்காவின் முன்னாள் படையினர் நிர்வாகத்துக்குக் கையளிக்கப்பட்டது. 1956-இல் எவரெஸ்ட் அன்ட் ஜெனிங்ஸ் நிறுவனம் மின் நாற்காலிகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இன்றைய நாற்காலிகளின் எலும்புக்கூடு இன்னும் கிளைன் போட்டதுதான்.

எங்கள் கரையிலும் போர் இதே தேவையை விட்டுச் சென்றது. 1987-இல் தொடங்கிய யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்களைச் செய்து பலரை நடக்க வைத்தது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். மண்ணுக்குள் கிடந்ததை எடுக்கும் வேலை அதற்கு முன்பும் பின்பும் தொடர்ந்தது. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் உண்டு. முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு அது உதவாது. அவருக்குச் சக்கரம்தான் வேண்டும், அந்தச் சக்கரம் மணலில் உருளவும் வேண்டும்.

கைத்தண்டுக்கு வருவோம். அதை முன்னே தள்ளினால் இரண்டு மோட்டருக்கும் ஒரே கட்டளை போகிறது. வலப்பக்கம் சாய்த்தால் இட மோட்டருக்கு ஒரு தொகை கூட்டப்படுகிறது, வல மோட்டரில் அதே தொகை கழிக்கப்படுகிறது. திருப்புவதற்கான முழுக் கணிதமும் இந்தக் கூட்டலும் கழித்தலும்தான். கட்டளையை மோட்டரிடம் கொண்டுபோவது நான்கு டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு பாலச் சுற்று. அது 24 வோல்ட் பற்றரியை ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை இணைத்தும் துண்டித்தும் விடுகிறது. இணைந்திருக்கும் நேரம் பாதியென்றால் மோட்டர் சராசரியாக 12 வோல்ட்டை உணர்கிறது. கால்வாசியென்றால் 6 வோல்ட்டை. அதிர்வெண்ணைக் காது கேட்கும் எல்லைக்கு மேலே வைத்தால் மோட்டர் கீச்சிடாது. கோயில் பூசையிலோ பள்ளிக்கூட வகுப்பிலோ இருக்கும் ஒருவரின் மானத்தோடு சம்பந்தப்பட்ட விடயம் இது. சிறியதென்று நான் நினைக்கவில்லை.

இனி, இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மோட்டர் சுழலும்போது அது தானே ஒரு மின்பிறப்பாக்கியாகவும் இருக்கிறது. சுழலும் வேகத்துக்கேற்ப அதற்குள் எதிர்த்திசையில் ஒரு வோல்ட்டளவு பிறக்கும். அதுதான் பின் மின்னியக்கவிசை. நாம் கொடுக்கும் வோல்ட்டளவில் ஒரு பகுதி இதை ஈடுசெய்யப் போகிறது. மிச்சம் கம்பிச் சுற்றின் தடையில் விழுந்து வெப்பமாகிறது. எண்களில் பார்க்கலாம். மோட்டரின் தடை 0.1 ஓம். தாரில் 10 அம்பியர் ஓடுகிறது. மெல்லப் போகவென்று ஓட்டுபவர் தண்டைக் கொஞ்சம் தள்ள, பெட்டி 6 வோல்ட் கொடுக்கிறது. தடையில் விழுவது 1 வோல்ட். வேகத்துக்குக் கிடைப்பது 5. இப்போது சக்கரம் மணலில் இறங்குகிறது. 50 அம்பியர் தேவைப்படுகிறது. தடையில் விழுவது 5 வோல்ட். வேகத்துக்கு மிஞ்சுவது 1. தண்டைப் பிடித்த கை அசையவில்லை, ஆனால் நாற்காலி ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு விழுந்துவிட்டது. ஓட்டுபவர் பதறித் தண்டை முழுவதும் தள்ளுவார். சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போகும்.

நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டி இதற்கு இடம் கொடுப்பதில்லை. அது மின்னோட்டத்தை அளந்து, தடையால் பெருக்கி, இழந்தது எவ்வளவு என்று கண்டுபிடித்து, இழந்ததைத் திரும்பக் கூட்டிவிடும். 6 வோல்ட் கேட்ட இடத்தில் 10 வோல்ட் கொடுக்கும், வேகம் மாறாது. தனியாக வேக உணரி கூட வேண்டாம். ஆனால் இதெல்லாம் பெட்டிக்குள் எழுதப்பட்ட ஒரேயொரு எண்ணை நம்பியிருக்கிறது: மோட்டரின் தடை. உண்மையில் 0.1 ஓம் இருக்க 0.13 என்று எழுதிவிட்டால், பெட்டி இழந்ததற்கு மேலாகக் கூட்டும். அதனால் மின்னோட்டம் ஏறும். ஏறியதைப் பார்த்து இன்னும் கூட்டும். நாற்காலி உதறத் தொடங்கும். எண்ணைக் குறைத்து எழுதினாலோ மணலில் சோர்ந்துபோகும்.

இங்கேதான் மன்னாரின் வெயில் உள்ளே வருகிறது. செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் நூற்றுக்கு 0.39 வீதம் கூடும். காலையில் 30 பாகையில் 0.1 ஓம் இருந்த மோட்டர், நண்பகலில் மணலில் உழைத்து 100 பாகையைத் தொட்டால் 0.127 ஓம் ஆகிவிடும். காலையில் குளிர்ந்த மோட்டரை வைத்துச் சரிசெய்த எண் நண்பகலில் போதாது. நண்பகலில் சூடான மோட்டருக்குச் சரிசெய்த எண் மறுநாள் காலை நாற்காலியை உதற வைக்கும். அதனால் வடிவமைப்பாளர்கள் பொதுவாகக் கொஞ்சம் குறைவான எண்ணையே எழுதுகிறார்கள். தரமான பெட்டிகள் ஒரு படி மேலே போய், ஓடிய மின்னோட்டத்தையும் நேரத்தையும் வைத்து மோட்டரின் வெப்பத்தை உள்ளுக்குள் மதிப்பிட்டு, எண்ணைத் தாமே நகர்த்தும். எங்கள் நிலத்துக்கு வாங்கும் நாற்காலியில் இந்த வசதி இருக்கிறதா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. உச்ச வேகம் எனக்கு இரண்டாம் பட்சம்.

வெப்பத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 50 அம்பியர், 0.1 ஓம் என்றால் ஒரு மோட்டருக்குள்ளே மட்டும் 250 வாட் வெப்பம். மணலில் சிக்கிச் சக்கரம் நின்றுவிட்டால், உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமே. முள்ளந்தண்டு அடிபட்டவரின் காலில் சூடான உலோகம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. தோல் வெந்த பிறகுதான் யாராவது கண்டுபிடிப்பார்கள். எனவே சிக்கிய சில செக்கன்களுக்குள் பெட்டி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். மோட்டரைக் காப்பதற்காக வைத்த அந்தக் கட்டுப்பாடு ஆளையும் காக்கிறது.

நிறுத்தும் ஒழுங்கு தனிக் கலை. நாற்காலியின் பிறேக், கார் பிறேக்குக்கு நேரெதிரானது. ஒரு சுருள்வில் அதை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால்தான் மின்காந்தம் அதை விடுவிக்கும். வயர் அறுந்தாலும் பியூஸ் எரிந்தாலும் நாற்காலி தானாகப் பூட்டிக்கொள்ளும். டிரான்சிஸ்டர்கள் வேறொரு வகைத் தொல்லை. அவை பழுதாகும்போது பெரும்பாலும் திறந்துபோவதில்லை, குறுக்கிணைந்துவிடுகின்றன. அதாவது மோட்டருக்கு முழு 24 வோல்ட்டும் போய்விடும். அதற்காகத்தான் பாலச் சுற்றுக்கு முன்னே ஒரு பெரிய ரிலே. ஒவ்வொரு தடவையும் சுவிட்சைப் போட்டவுடன், நகர்வதற்கு முன், பெட்டி அந்த ரிலேயையும் டிரான்சிஸ்டர்களையும் பரிசோதிக்கிறது. கைத்தண்டுக்கு அடியிலும் இரண்டு உணரிகள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நாற்காலி அசையாது. சுவிட்சைப் போடும்போது தண்டு நடுவில் இல்லாவிட்டாலும் அசையாது.

இந்தக் கவனமெல்லாம் பட்டுத் தெளிந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சில மின் நாற்காலிகள் ஓட்டுபவர் தொடாமலே நகர்ந்தன. கையடக்க வானொலிக் கருவிகளின் அலைகள் கட்டுப்பாட்டு வயர்களுக்குள் புகுந்து கட்டளையாக மாறியிருந்தன. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஆராய்ந்து, 1994-இல், மீற்றருக்கு 20 வோல்ட் அளவிலான அலைப்புலத்தை நாற்காலிகள் தாங்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களிடம் கேட்டது. இன்று ஐஎஸ்ஓ 7176 என்ற தரநிலைத் தொகுதியின் 14-ஆம் பகுதி வலு, கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும், 21-ஆம் பகுதி மின்காந்தக் குறுக்கீட்டுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியலில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆனாலும் இந்தப் பாதுகாப்புகளின் அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது: சந்தேகம் வந்தால் நில், நிற்பது எப்போதும் பத்திரமானது. நடைபாதையில் அது சரி. ஏ-32 வீதியைக் குறுக்கே கடக்கும்போது, பஸ்ஸும் டிப்பரும் வரும் நேரத்தில், நடு வீதியில் பிறேக் பூட்டிக்கொண்டு நிற்பது பத்திரமல்ல. லித்தியம் பற்றரிகள் வந்தபின் இது இன்னும் கூர்மையாகியிருக்கிறது. அவற்றுக்குள் கலங்களைக் காக்கும் ஒரு காவல் சுற்று உண்டு. ஏதாவது ஒரு கலத்தின் வோல்ட்டளவு எல்லைக்குக் கீழே போனால், அது முன்னறிவிப்பின்றி முழு மின்சாரத்தையும் வெட்டிவிடும். பற்றரி தப்பும், ஆள் நடு வீதியில். எதிர்ப் பக்கத்திலும் ஆபத்து உண்டு: முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரியோடு வேகமாகப் போய்த் தண்டை விட்டால், மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்; ஏற்க இடமில்லாத பற்றரி கதவைச் சாத்தினால், போக்கிடமற்ற வோல்ட்டளவு டிரான்சிஸ்டர்களை உடைக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பற்றரியின் காவல் சுற்றும் மோட்டரின் பெட்டியும் ஒன்றோடொன்று பேச வேண்டும். வெட்டும் எல்லை நெருங்குவதற்கு வெகு முன்பே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, வீதியைக் கடந்து ஒதுங்க அவகாசம் கொடுக்க வேண்டும். நல்ல லித்தியம் பற்றரி ஒன்றைக் கடையில் வாங்கிப் பழைய ஈய அமிலப் பற்றரி இருந்த இடத்தில் வைத்துவிட்டால் இந்தப் பேச்சு நடக்காது. அப்படிச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

சார்ஜ் ஏற்றுவதும் எளிதான கதையல்ல. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் சேர்ந்து 103.5 மெகாவாட் கொடுக்கும். ஆனால் 2022 மார்ச் முடிவில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, இரவில் சார்ஜ் ஏற்றாத நாற்காலிக்காரருக்கு மறுநாள் வீட்டோடு சிறை. ஈய அமிலப் பற்றரிக்கு அது இரட்டைக் கேடு. வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வொரு மணிநேரமும் தகடுகளில் சல்பேற்றுப் படிந்து அதன் ஆயுள் குறையும். ஒரு நாளின் ஓட்டத்துக்கு 400 வாட்-மணி என்று மதிப்பிட்டால், கூரையில் 150 வாட் சூரியத் தகடு ஒன்று போதும். ஐந்து மணிநேர நல்ல வெயிலில், இழப்புகளைக் கழித்தபின்னும், அது 500 வாட்-மணிக்குக் குறையாமல் தரும். மாரியில் மழை மூடிய நாட்களில் தராது. அப்போது மின்கம்பியை நம்பலாம். நாற்காலியோடு சேர்த்தே இந்தத் தகட்டையும் கொடுப்பது நன்கொடையாளர்களின் வழக்கமாக வேண்டும் என்பது என் விருப்பம்.

கடலுக்கு அக்கரையில், சென்னை ஐஐடியில், இந்தப் பிரச்சினைக்கு வேறு வழியில் விடை தேடியிருக்கிறார்கள். பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையத்திலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம், ஆளின் உடலுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் நியோஃபிளை என்ற கைத்தள்ளு நாற்காலியையும், அதன் முன்னால் கொழுவிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மோட்டர் சக்கரத்தையும் செய்கிறது. வீட்டுக்குள் வெறும் நாற்காலி. வெளியே போகும்போது முன்சக்கரத்தைக் கொழுவினால் அது ஒரு முச்சக்கர வண்டி. 2021-இல் சொல்லப்பட்ட விவரப்படி உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர், ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீற்றர். இரண்டும் சேர்த்து அப்போதைய விலை ஒரு இலட்சம் இந்திய ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மண்ணில் புதைந்து வழிமறிக்கும் சின்ன முன்சக்கரங்கள் தூக்கப்பட்டு, பெரிய சக்கரம் ஒன்று அந்த இடத்துக்கு வருவது பெரிய முன்னேற்றம். பாப்பாமோட்டையிலிருந்து ஏ-32 வழியே அடுத்த ஊருக்குப் போய்வர இது எனக்கு நம்பிக்கை தரும் வடிவம்.

கடற்கரை ஒழுங்கைக்கு? இங்கே கணக்கு கை விரிக்கிறது. இழுக்கும் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் அது நிலத்தைப் பற்றும். ஆளும் இந்த வண்டியும் சேர்த்து மொத்தம் 120 கிலோ என்று கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு முன்சக்கரத்தில் என்றால் அங்கே அழுத்துவது 390 நியூட்டன். இளகிய மணல் அதில் நூற்றுக்கு 40 அளவுக்கே பிடி கொடுத்தால், இழுவை 156 நியூட்டன். தேவையோ, நூற்றுக்கு 20 எதிர்ப்பு என்றால், 235. சக்கரம் சுழலும், வண்டி நகராது. முன்னால் இழுக்கும் எந்த ஒற்றைச் சக்கர வண்டிக்கும் இதே எல்லைதான். மணலுக்கென்றால் பாரம் அதிகம் விழும் பின்சக்கரங்கள்தான் இழுக்க வேண்டும். ரயர்கள் அகலமாகவும் காற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன ஈடுசெய்யும் கட்டுப்பாடு இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியே வேண்டும். கையில் வலு இல்லாதவருக்கும், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்கும் எப்படியும் கிளைனின் இரட்டை மோட்டர் வழியே வழி.

கடைசியாகக் கறள். சோளகக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும் ஊரில் மின் இணைப்பு ஒவ்வொன்றும் நாள்பட அரிக்கும். அரித்த இணைப்பில் தடை கூடும். கூடிய தடை, கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கில் எடுக்காத இன்னொரு இழப்பு. ஒரு முச்சக்கர வண்டி கராஜில் வேலை தெரிந்த எவரும் அந்த இணைப்பைச் சுத்தம் செய்து கிறீஸ் பூசிவிடலாம், பிறேக்கின் சுருளைச் சோதித்துவிடலாம், மோட்டரின் காபன் துண்டுகளை மாற்றிவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் எண்களை மட்டும் அவரால் தொட முடியாது. அவற்றை வாசிக்கும் கருவியை உற்பத்தியாளர்கள் பலர் தங்கள் முகவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் இதை எதிர்த்து 2022-இல் ஒரு சட்டம் செய்தது. மின் சக்கர நாற்காலியின் உதிரிப்பாகங்களையும் கருவிகளையும் மென்பொருள் வழியையும் உரிமையாளருக்கும் அவர் விரும்பும் பழுதுபார்ப்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்று. 2023 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இலங்கையில் நாற்காலிகளை மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் திணைக்களங்களும் தொண்டு அமைப்புகளும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: எண்களின் பட்டியலும் அவற்றை மாற்றும் கேபிளும் நாற்காலியோடு வர வேண்டும், மோட்டர் குளிர்ந்திருக்கும் காலையிலும் சூடாக இருக்கும் நண்பகலிலும், ஓட்டப்போகும் அந்த ஒழுங்கையிலேயே வைத்து அவை சரிசெய்து கொடுக்கப்பட வேண்டும்.